குப்பியின் பின்பக்கத்தையும் படியுங்கள்: சாலட் டிரெஸ்ஸிங் கேள்வி-பதில்

கடையில் விற்கும் சாலட் டிரெஸ்ஸிங் கட்டுப்படியாகவில்லை. வெள்ளரிக்கும் பயறுக்கும் சேர்வதுபோல் வீட்டிலேயே செய்ய முடியுமா? (தக்கலை வாசகி)

தாராளமாக. மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு ஊற்றி, முதலில் உப்பைக் கரையுங்கள். எண்ணெயில் உப்பு கரையாது. அரைத்த கடுகு, கொஞ்சம் தேன், நல்லமிளகுப் பொடி சேர்த்து, கடைசியாக மூன்று பங்கு செக்கு நல்லெண்ணெய் ஊற்றிக் குலுக்குங்கள். எண்ணெயும் சாறும் சட்டென்று பிரியாமல் கடுகு பிடித்துக்கொள்ளும். எண்ணெய் மிகுதியாகத் தெரிந்தால் இரண்டு பங்கு போதும். காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் நறுக்கிப் போட்டால் அவித்த மரச்சீனிக்கும் ஆகும். பச்சைப் பூண்டு போட்டதை வெளியே வைக்கவே கூடாது. எண்ணெயில் மூழ்கிய பூண்டில் நச்சுக்கிருமி வளரலாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 3 நாளில் தீர்த்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெயில் செய்தேன். குளிர்சாதனப் பெட்டியில் கட்டியாகிவிட்டது. கலப்படமா? (குலசேகரம்)

இல்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும்.

தள்ளுபடியில் ஆலிவ் எண்ணெய் வாங்கினேன். மணமே இல்லை. பின்னால் 'பொமேஸ்' என்று இருக்கிறது. திருப்பித் தருவார்களா? (நாகர்கோவில்)

அச்சடித்திருப்பதை வாங்கும் முன்பே படித்திருக்க வேண்டும். பொமேஸ் என்பது, பிழிந்தபின் மிஞ்சும் சக்கையிலிருந்து கரைப்பான் மூலம் எடுத்துச் சுத்திகரித்த எண்ணெய். பொரிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சைக்குப் பதில் மலிவான வினிகர் ஊற்றலாமா? (குளச்சல்)

இது என் நெடுநாள் ஆத்திரம். பழச்சாறோ தானியமோ நொதித்து வருவது ஒரு வினிகர்; அசெட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்தது இன்னொன்று. இரண்டிலும் அமிலம் குறைந்தது 3.75 சதவீதம் இருக்க வேண்டும் என்பதால் புளிப்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. செயற்கை வினிகர் என்றால் அதைக் குப்பியில் தெளிவாக அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் கடையில் இரண்டையும் ஒரே தட்டில் கலந்து அடுக்குகிறார்கள், எழுத்தோ எறும்பளவு. அப்படி ஒன்று என் வீட்டுக்கும் வந்தது. நெடி தாங்காமல் சாலட்டையே கொட்டினோம். ஆயத்த டிரெஸ்ஸிங்கிலும் இதே கதைதான். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. முதலில் தண்ணீர், அடுத்து சர்க்கரை என்றிருந்தால் அந்த விலை எதற்கு? கேளுங்கள், கடைக்காரர் முகத்துக்கு நேரே கேளுங்கள்.

வாசலில் வந்தவரிடம் அம்மா மார்த்தாண்டம் தேன் வாங்கினார். வெறும் சர்க்கரைப் பாகு. ரசீது இல்லை. (கருங்கல்)

அம்மாவை ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். புவிசார் குறியீடு பெற்ற ஒரு பெயரைச் சொல்லி ஏமாற்றியவர்மேல்தான் குற்றம். உறைந்திருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். ரப்பர் தோட்டத் தேன் சீக்கிரம் உறையும். மீதித் தேனைக் குப்பியோடு பத்திரப்படுத்துங்கள். கைபேசி வழியாகப் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும் சான்றுதான். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் எழுதிக் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். அடுத்த முறை 14 இலக்க உணவு உரிம எண் இல்லாத தேன் குப்பி வாசலோடு திரும்பிப் போகட்டும்.