பழைய மடக்குச் சவரக்கத்திகள்: கேள்வி பதில்

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் ‘ஷெஃபீல்டு, இங்கிலாந்து’ என்று பொறித்த சவரக்கத்தி ஒன்று கிடைத்தது. அதன் வயதை எப்படி அறிவது?

பதில்: ஊரின் பெயரைவிட நாட்டின் பெயரே இங்கு உதவும். இறக்குமதிப் பொருள்களில் அவை உருவான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் விதித்ததால், ‘இங்கிலாந்து’, ‘ஜெர்மனி’ என்று பொறித்த கத்திகள் பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டவை. நாட்டின் பெயர் இல்லாத கத்தி அதற்கு முற்பட்டதாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. பிற சந்தைகளுக்குப் போனவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முத்திரையை மட்டும் நம்பவும் கூடாது. ஜோசஃப் ராஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் சிலுவையும் 18ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்து பயன்பட்டவை. அலகின் குறுக்குவெட்டைப் பாருங்கள்: ஆப்பு வடிவில் தடித்திருந்தால் பழமைக்கு வாய்ப்பு அதிகம், இருபுறமும் ஆழமாகக் குடைந்திருந்தால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோ அதற்குப் பின்னரோ ஆகலாம். பிடி செல்லுலாய்டு (பழைய வகைப் பிளாஸ்டிக்) என்றால் 1870க்கு முன்னே போகவே வேண்டாம், பிடியைப் பிற்பாடு மாற்றியிருந்தாலொழிய.

கேள்வி: மழுங்கிவிட்டது. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. இந்தக் கத்திகள் கார்பன் எஃகால் ஆனவை. சக்கரத்தில் உரசும்போது மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். சுமார் 300 பாகை செல்சியஸில் எஃகு நீலம் பூக்கும். அந்த இடத்தில் பதம், அதாவது எஃகின் கடினத்தன்மை, இறங்கிவிட்டது என்று பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

தட்டையான கல்லில், தண்ணீர் விட்டு, கையால் தீட்டுங்கள். முதுகும் வாயும் (வெட்டும் விளிம்பும்) ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். தீட்டும் கோணத்தை முதுகின் தடிமனே தீர்மானிப்பதால் நீங்கள் எதையும் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. வாய் சிதைந்திருந்தால் மட்டும் 1000 எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நுண்ணியது) தொடங்கி, பிறகு 4000, 8000, இறுதியாக 12000 என்று செல்லுங்கள். கல்லில் வாய் முன்னே செல்ல வேண்டும், தீட்டிய கூரைச் சீராக்க இழுக்கும் தோல்வாரில் முதுகு முன்னே செல்ல வேண்டும். திருப்பும்போது முதுகின்மேல் உருட்டித் திருப்புங்கள். வாயின்மேல் உருட்டினால் வாரும் போகும், கூரும் போகும்.

கேள்வி: வாரில் எத்தனை முறை இழுக்க வேண்டும்?

பதில்: ஒவ்வொரு சவரத்துக்கும் முன் துணிவாரில் 20 முதல் 30, தோல்வாரில் 50 முதல் 60. வார் தொய்யக் கூடாது.

கேள்வி: சக்கரத்தில் மெதுவாகப் பிடித்தால்?

பதில்: இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் கத்தியில் ‘சில்வர் ஸ்டீல்’ என்றிருக்கிறது. வெள்ளி கலந்ததா?

பதில்: பொறிப்பை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. லண்டனில் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் மைக்கேல் ஃபாரடேயும் எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820இலும் 1822இலும் முடிவுகளை வெளியிட்டனர். 500 பங்கு எஃகுக்கு ஒரு பங்கு வெள்ளி என்பது அவர்கள் பரிந்துரைத்த அளவு. அதற்கு மேல் சேர்த்தால் ஆறும்போது வெள்ளி பிரிந்து வெளியேறியது. அந்தப் புகழைப் பற்றிக்கொண்டு பின்னர் அது வணிகப் பெயராகிவிட்டது.

கேள்வி: ஸ்டோடார்ட் தென்னிந்திய ஊட்ஸ் எஃகைப் பயன்படுத்தியவர் அல்லவா? அப்படியானால் ஷெஃபீல்டு கத்திகள் நம் எஃகால் ஆனவைதானே? இதை ஏன் மறைக்கிறீர்கள்?

பதில்: மறைக்கவில்லை, கேட்கப்பட்டது வெள்ளியைப் பற்றி. ஐரோப்பாவின் மிகச் சிறந்த எஃகைவிட ஊட்ஸையே தாம் விரும்புவதாக ஸ்டோடார்ட் தம் விளம்பர அட்டையிலேயே அச்சிட்டிருந்தார். ஃபாரடேயுடன் அவர் தொடங்கிய ஆய்வுக்கே ஊட்ஸின் இரகசியத்தை அறியும் ஆவல் ஒரு காரணம். இதில் நாம் பெருமைப்படலாம். ஆனால் ஒரு லண்டன் கைவினைஞரின் விருப்பம் வேறு, ஷெஃபீல்டின் பெருந்தொழில் வேறு. அங்கே பெரும்பாலும் ஸ்வீடன் இரும்பைக் கரியோடு நாள்கணக்கில் சூடாக்கி எஃகாக்கி, 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் உருவாக்கிய முறைப்படி மூசையில் (உலோகம் உருக்கும் களிமண் கலத்தில்) உருக்கி வார்த்தார்கள்.

கேள்வி: மூசையில் உருக்குவதே நம் முறைதானே? ஹன்ட்ஸ்மன் இங்கிருந்து எடுத்துக்கொண்டார் என்கிறேன்.

பதில்: மூசை எஃகில் நாம் அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவர்கள் என்பதற்குக் கொடுமணல் அகழாய்வு போன்றவை சான்று. மூத்தவர் என்பதாலேயே இளையவர் நம்மிடம் எடுத்தார் என்றாகிவிடாது. அதற்குத் தனிச் சான்று வேண்டும். சான்றோடு வந்தால் தொடர்வோம், காத்திருப்போர் பலர்.

கேள்வி: தந்தப் பிடியுள்ள கத்தியை வாங்கலாமா?

பதில்: இந்தியாவில் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தந்த வணிகத்தைத் தடை செய்கின்றன.

கேள்வி: பிடியில் கற்பூர வாசனை வருகிறது, அலகில் துருவும் ஏறுகிறது.

பதில்: செல்லுலாய்டு சிதைகிறது. அதிலிருந்து கசியும் அமில ஆவி அலகை அரிக்கும். பிடியை உடனே அகற்றி, மற்றக் கத்திகளிலிருந்தும் நெருப்பிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

கேள்வி: துருவை மின்சாரப் பட்டை இயந்திரத்தில் தேய்த்தால் கண்ணாடிபோல ஆகுமாமே?

பதில்: ஆகும், பதமும் போகும். சுழலும் எதையும் இந்தக் கத்தியின் அருகே கொண்டுவராதீர்கள் என்பதை மூன்றாம் முறையாகச் சொல்கிறேன். நுண்ணிய உப்புத்தாளும் எண்ணெயும் போதும்.

கேள்வி: நண்பர்கள் இருவர் ஒரே கத்தியைப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். ஹெபடைடிஸ் பி இரத்தத்தின் வழியே பரவும்.