ஒரு வாரிசு மட்டும் எழுதிக்கொடுத்த கிரயம்: வாங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் 2019இல் 60 சென்ட் புஞ்சை நிலம் கிரயம் பெற்றேன். அது விற்றவருடைய தந்தையின் சுயசம்பாத்தியம். தந்தை உயில் எழுதாமல் காலமானார். தாய் அவருக்கு முன்பே இறந்துவிட்டார். பட்டா என் பெயருக்கு மாறிவிட்டது. இப்போது விற்றவரின் ஒரே தங்கை பாகப்பிரிவினை வழக்குத் தொடுத்து, என்னையும் பிரதிவாதியாகச் சேர்த்திருக்கிறார். முழு விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கிய என்னைச் சட்டம் காப்பாற்றாதா?

பதில்: ஓரளவுக்குக் காப்பாற்றும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் வழியில் அல்ல. சொத்து மாற்றச் சட்டத்தின் 41ஆம் பிரிவு நல்லெண்ணத்தில் வாங்கியவரைப் பாதுகாக்கிறது என்பது உண்மைதான். எனினும், உண்மையான உரிமையாளரின் சம்மதத்தோடு, அது வெளிப்படையானதாயினும் உட்கிடையானதாயினும், விற்றவர் உரிமையாளர்போலத் தோற்றமளித்திருக்க வேண்டும் என்பதும், வாங்கியவர் தக்க கவனத்தோடு விசாரித்திருக்க வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகள். அண்ணன் பெயரில் பட்டா இருந்தபோது தங்கை பேசாமல் இருந்தார் என்பது மட்டும் சம்மதமாகாது. பட்டா வருவாய்த்துறைப் பதிவே தவிர, உரிமை மூலம் அல்ல. தந்தையின் வாரிசுச் சான்றிதழை நீங்கள் கேட்டு வாங்கியிருந்தால் அதில் தங்கையின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். கேட்கவே இல்லையென்றால், ஏன் கேட்கவில்லை என்பதுதான் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியாக இருக்கும்.

இத்தகைய வழக்குகளில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தைப் பலர் இழுப்பார்கள். அது கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்து பற்றியது. தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உள்ளது. ஆகவே தங்கையின் பாதிப் பங்கை மறுத்து வாதிடுவதில் பயனில்லை. ஆனால் அண்ணனின் பாதிப் பங்கைப் பொறுத்தவரை உங்கள் கிரயம் செல்லும்.

உங்களுக்கு உண்மையில் கைகொடுக்கக்கூடியது வேறு. தந்தைக்கு இந்த நிலத்தைத் தவிர வேறு நிலமோ வீடோ இருந்தால், இந்த 60 சென்டை அண்ணனின் பங்கில் ஒதுக்கி, தங்கைக்கு மற்றவற்றிலிருந்து ஈடுகட்டுமாறு நீங்கள் நீதிமன்றத்தைக் கேட்கலாம். தங்கைக்குப் பாதகம் இல்லாதவரை நீதிமன்றங்கள் இதற்கு இடம் கொடுக்கின்றன. எனவே வழக்குரையின் சொத்து அட்டவணையை வரி விடாமல் படியுங்கள். குடும்பத்தின் மற்ற சொத்துகள் அதில் விடுபட்டிருந்தால், எல்லாச் சொத்துகளையும் சேர்க்காத பாகப்பிரிவினை வழக்கு செல்லாது என்ற வாதத்தை எதிருரையிலேயே எழுப்ப வேண்டும். எதிருரைக்கு அழைப்பாணை கிடைத்த நாளிலிருந்து 30 நாள் கெடு; நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை நீளும்.

கிணறு, வேலி போன்றவற்றுக்குச் செலவு செய்திருந்தால், நிலம் முழுவதும் உங்களுடையது என்று நம்பிச் செய்தவற்றுக்குச் சொத்து மாற்றச் சட்டத்தின் 51ஆம் பிரிவின்கீழ் மதிப்பு கேட்க வாய்ப்புண்டு. அழைப்பாணை கிடைத்த பிறகு செய்யும் வேலைக்கு அந்த நம்பிக்கையைக் காட்ட முடியாது. புதிதாக எதையும் கட்டாதீர்கள்.

கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களையும் பாருங்கள். "பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் தெரியவந்தால் என் சொந்தச் செலவிலும் பொறுப்பிலும் நிவர்த்தி செய்து தருவேன்" என்ற வகையில் ஒரு வாசகம் பெரும்பாலும் இருக்கும். அதைச் சம்பிரதாயம் என்று பலர் கடந்துவிடுகிறார்கள். தங்கையின் பாதி உங்கள் கையை விட்டுப் போனால், அதற்கான இழப்பீட்டை விற்றவரிடம் கேட்க அதுவே உங்கள் பிடிமானம். சமரசத்துக்குத் தங்கை இணங்கினால், அவர் பங்கை அவரிடமிருந்தே பதிவு செய்த கிரயமாகப் பெற்று, அந்தத் தொகையை விற்றவரிடம் வசூலிக்கும் உரிமையைச் சமரச மனுவில் எழுத்தாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.