வட்டாரப் பேச்சு புழங்கும் சீன நகரத்தில் மாண்டரின் படித்தால் உச்சரிப்பு கெட்டுப்போகுமா?

கெட்டுப்போகாது. இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் நான் மருத்துவம் படித்தது சிச்சுவான் மாகாணத் தலைநகரான செங்டூவில். "செங்டூவிலா படிச்சே? அப்ப உன் சைனீஸ் பாதிதான்" என்று வடக்கே படித்த நம்மவர்களே என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்களுக்குச் சிச்சுவான் பக்கம் எம்பிபிஎஸ் இடம் கிடைத்திருக்கிறது, ஏஜெண்டோ யாரோ "அங்கே பேசுறது சரியான மாண்டரின் இல்லை, வடக்கே ஹார்பின், பெய்ஜிங்னு பாருங்க" என்று குழப்பிவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து இந்தக் கேள்வி பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

சிச்சுவான் பேச்சும் மாண்டரின் குடும்பத்தில் ஒரு கிளைதான். மொழியியலாளர்கள் அதைத் தென்மேற்கு மாண்டரின் என்பார்கள். மிங், சிங் அரச வம்சக் காலங்களில் ஹூபெய், ஹூனான் பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக வந்து குடியேறியவர்களால் உருவானது. நாம் வழக்கமாக மாண்டரின் என்று சொல்கிற பொதுமொழியான புதோங்ஹுவாவை 1956 முதல் அரசு நாடெங்கும் பரப்பி வருகிறது. 2001 ஜனவரியிலிருந்து அதற்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. பள்ளிக்கூடம், செய்தி, அலுவலகம் எல்லாம் அதில்தான். ஆசிரியர் வேலைக்கே புதோங்ஹுவா தேர்வில் தேறியிருக்க வேண்டும். அதனால் வகுப்பறைக்குள் உங்களுக்குக் கிடைப்பது பெய்ஜிங்கில் கிடைக்கிற அதே பாடம்தான். வெளிநாட்டவருக்கான சீன மொழித் தேர்வான ஹெச்எஸ்கேயில் ஓடுகிற ஒலிப்பதிவும் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

சிரமம் கல்லூரி கேட்டுக்கு வெளியே வந்ததும் தொடங்கும், அதை நான் மறைக்கவில்லை. மாண்டரினில் 'மாய்' என்பதைக் குரலைத் தாழ்த்தி எழுப்பினால் வாங்குவது, மேலிருந்து சட்டென்று இறக்கினால் விற்பது. செங்டூ சந்தையில் இது காதுக்குக் கிட்டத்தட்டத் தலைகீழாக விழும். அங்கே நாக்கை மடித்துச் சொல்கிற 'ஷ'வும் கிடையாது, எல்லாம் 'ஸ'தான். அதனால் நான்கும் பத்தும் 'ஸ' என்றே தொடங்கும், குரல் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். காய்கறிக் கடையில் பரவாயில்லை. வார்டில் பதினான்காம் படுக்கையா நாற்பதாம் படுக்கையா என்று வரும்போது காதைத் தீட்டியே ஆகவேண்டும்.

நான் என்ன செய்தேன் என்றால், வகுப்பில் புதோங்ஹுவா, தெருவில் அவர்கள் பேச்சு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டேன். விடுமுறை நாட்களில் மக்கள் பூங்காவில் இருக்கிற ஹமிங் டீக்கடையில் போய் உட்காருவேன். மூடி போட்ட கிண்ணத்தில் டீ, வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். சுற்றிலும் வயதானவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டு ஓயாமல் பேசுவார்கள். வெளிநாட்டுக்காரப் பெண் என்றதும் பொதுமொழிக்கு மாறுவார்கள். "உங்க பேச்சிலேயே பேசுங்க" என்று கேட்டுக்கொண்டால் அவ்வளவு சந்தோஷம் அவர்களுக்கு. தெரியும் என்பதற்கு 'ஷியாவ்டே', சரி என்பதற்கு 'யாவ்டே', இல்லை என்பதற்கு 'மோடே', தலைக்கு 'நாவ்கே'. இவற்றையெல்லாம் எனக்கு ஒரு பாட்டி கையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். சீனாவின் பெரிய தலைவராக இருந்த டெங் ஷியாவ்பிங்கும் எங்கள் சிச்சுவான்காரர்தான், கடைசிவரைக்கும் இந்த உச்சரிப்போடுதான் பேசினார் என்று பாட்டிக்கு ஒரே பெருமை.

அந்தப் பாட்டி தந்தது எனக்கு வார்டில் கைகொடுத்தது. என்னோடு பயிற்சியில் வடக்கே ஹெய்லோங்ஜியாங் மாகாணத்திலிருந்து வந்த ஒரு சீன மாணவி இருந்தாள். அவளுடைய மாண்டரின் வானொலி அறிவிப்பாளர் மாதிரி இருக்கும், ஊருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. கிராமத்திலிருந்து வந்த ஒரு முதியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "நாவ்ஹுவோ, நாவ்ஹுவோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வடக்கே அந்தச் சொல்லுக்குக் கோபம், எரிச்சல் என்று பொருள். காக்க வைத்ததற்குக் கோபப்படுகிறார் என்று நினைத்து அவள் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டாள். சிச்சுவானில் அது 'தாங்க முடியவில்லை' என்பதைப் போன்ற பேச்சு. நான் குறுக்கே போய் அவளுக்குப் புதோங்ஹுவாவில் விளக்கினேன். அப்புறம் முதியவர் பக்கம் திரும்பி அவர் பேச்சிலேயே எப்போதிலிருந்து, எந்தப் பக்கம் என்று கேட்டேன். வேலூர்ப் பெண் ஒருத்தி சீனருக்கும் சீனருக்கும் நடுவில் நின்று பேசியதைப் பார்த்த சீனியர் டாக்டர், அன்றிலிருந்து கிராமத்து நோயாளிகள் வந்தால் என்னையும் கூப்பிட்டு நிறுத்திக்கொள்வார். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. நானாக உழைத்துப் பெற்ற மரியாதை அது.

"டீக்கடைப் பேச்சு கலந்தால் தேர்வில் மார்க் போகும்" என்று யாராவது வாதாட வரலாம். எனக்குப் போகவில்லை. மருத்துவப் பயிற்சிக்குப் பெரும்பாலான கல்லூரிகள் கேட்பது ஹெச்எஸ்கே நான்காம் நிலை, நான் எழுதியபோது அதற்கு ஏறக்குறைய 1200 சொற்கள். அதைத் தாண்டி ஐந்தையும் எழுதித் தேறினேன். இன்றைக்கு நம்மூர் ஓபியில் ஒரு அம்மா "நெஞ்சு கரிக்குது" என்று வந்தால் எந்தப் பாடப்புத்தகத்தையும் நான் தேடுவதில்லை. நோயாளி அவருடைய சொல்லில்தான் வலியைச் சொல்வார், அங்கேயும் அப்படித்தான்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை. 2020 ஜனவரியில் வசந்த விழா விடுமுறைக்கு ஊருக்கு வந்த என் ஜூனியர்கள் கொரோனாவால் திரும்பிப் போக முடியாமல் போனது. இந்திய மாணவர்களுக்கு மறுபடி விசா திறந்தது 2022 ஆகஸ்டில். நடுவில் எல்லாம் போன் திரையில். இங்கே வந்த பிறகு அவர்களில் பலரை ஒரு வருடத்துக்குப் பதில் இரண்டு வருடம் பயிற்சி செய்யச் சொன்னார்கள். வார்டைப் பார்க்காமல் படித்தவர்களுக்கு வார்டு வேண்டும், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் எல்லை மூடியது அந்தப் பிள்ளைகளின் குற்றமா? கடன் வாங்கிப் படிக்க வைத்த வீடுகளில் அந்தக் கூடுதல் வருடம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் "சைனா டாக்டர்" என்ற கிண்டல் வேறு. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே டாக்டராக எழுத வேண்டிய எஃப்எம்ஜிஇ என்கிற, 300 கேள்விக்கு 150 எடுத்தால்தான் தேர்ச்சி என்கிற தேர்வை எழுதித் தேறியவர்களைத்தான் இப்படிப் பேசுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்னதெல்லாம் சிச்சுவான், சோங்சிங் போன்ற இடங்களுக்கு. குவாங்சோவின் கான்டனீஸ், ஷியாமெனின் மின்னான், வென்சோ பேச்சு இவையெல்லாம் மாண்டரின் கிளைகளே இல்லை. பெய்ஜிங்காரருக்கே புரியாது. அங்கே போகிறவர்கள் உள்ளூர்ப் பேச்சைப் புது மொழியாகவே படிக்க வேண்டியிருக்கும், டீக்கடையில் உட்கார்ந்து மட்டும் வராது. அந்த ஊர்களில் படித்தவர்கள் வேறு மாதிரி சொன்னால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் கல்லூரியிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். சீன மொழி வகுப்பு முதல் வருடத்தோடு முடிந்துவிடுகிறதா, பயிற்சி வரைக்கும் நடக்கிறதா? உள்ளூர்ப் பேச்சில் மருத்துவச் சொற்களை யாராவது தனியாகச் சொல்லித்தருகிறார்களா? இரண்டாவதற்கு இல்லை என்று பதில் வந்தால் பயப்பட வேண்டாம், ஹாஸ்டல் வாசலில் இருக்கிற காவலாளித் தாத்தாவிடமிருந்து தொடங்குங்கள். ஏஜெண்டிடம் மட்டும் கேட்காதீர்கள், அங்கே நாலாவது, ஐந்தாவது வருடம் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் யாரையாவது பிடித்துக் கேளுங்கள்.