ஐரிஷ் மொழியில் ஒரு பெயர்ப்பலகை

கேள்வி: கோத்தகிரியில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி சின்னதாக ஒரு விருந்தினர் விடுதி கட்டியிருக்கிறோம். ஐரிஷ் மொழியில் 'அழகு' என்று பெயர் வைக்க ஆசை. 'ஆல்யஃத்', 'ஆல்யெ' என இரண்டு சொற்கள் கிடைத்தன. எதை எழுதலாம்?

பதில்: இரண்டுமே அழகுதான். எதை எழுதினாலும், முதலில் வரும் ரோமன் 'ஏ' (A) எழுத்தின் தலையிலுள்ள சாய்கோட்டைப் பெயின்டர் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அலங்காரமல்ல, நெடிலின் குறி. பெரிய எழுத்தில் எழுதினாலும் அது வேண்டும். கோடு போனால் 'ஆல்யெ' குறிலாகி, 'செங்குத்துப் பாறையின்' என்று பொருள் தரும். மலைக்கும் மாலைக்கும் உள்ள தூரம் அது!

இரண்டுக்கும் வேர் 'ஆலின்', அதாவது 'அழகான'. விகுதி சேரும்போது நடு உயிர் விழுந்துவிடும். லகரமும் னகரமும் நெருங்கி, னகரம் லகரத்தில் கரைந்து 'ஆல்யெ' ஆகும். நல் + நூல் நன்னூல் ஆகையில் நம்மிடம் லகரம் கரைகிறது, அங்கே நேர்மாறு. அதன்மேல் நம் 'மை' விகுதி போன்ற 'அஃத்' ஏறினால் 'ஆல்யஃத்'. 'அஃது' என்பதன் ஆய்தத்தைத் தொண்டையில் அழுத்திச் சொல்லுங்கள், உச்சரிப்பு ஏறக்குறைய வந்துவிடும்.

'ஆல்யஃத்' பெண்பால். 'அழகின் பள்ளத்தாக்கு' என்றால் 'க்ல்யான் ந ஹால்யஃத்தா'. இங்கே முன்னால் ஒட்டும் 'ஹெச்' இலக்கணத்துக்காக வருவது; பலகை முழுக்கப் பெரிய எழுத்தானாலும் அது சிறியதாகவே நிற்கும், அடுத்த எழுத்துதான் பெரிதாகும். பலகைகளில் அதிகம் பிசகும் இடம் இது.

எங்கள் தேர்வு 'க்ல்யான் ஆலின்', அழகான பள்ளத்தாக்கு. அயர்லாந்தின் ஊர்ப்பெயர்களில் அடிக்கடி காணும் அமைப்பு இது. பெயர் முன்னே, அடை பின்னே. தமிழ்ப் பழக்கத்தில் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். பன்மையென்றால் அடையும் மாறும்: 'க்ல்யான்த்தா ஆல்யெ'.

கேள்வி: 'ஷ்கேவ்' என்றாலும் அழகு என்கிறார்களே? (குன்னூர் வாசகி)

பதில்: ஆம், தோற்றப் பொலிவு. இது லத்தீன் 'ஸ்கேமா'விலிருந்து வந்த கடன் சொல். அதற்கு மூலம் வடிவத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நாம் அன்றாடம் சொல்லும் 'ஸ்கீம்' இதற்கு உறவு. பெண்பால்தான்; 'அழகின்' என்பதற்கு 'ஷ்கேவெ'. சகரத்தில் தொடங்கும் பெண்பாற்சொல் பலவற்றுக்கு, ஆங்கில 'தி' (the) போன்ற 'அன்' சேர்ந்தால் முன்னே ஒரு 'டி' வந்து சகர ஒலி மறையும். ககரம் அடுத்து வருவதால் இதற்கு அந்த விதி இல்லை. 'அன் ஷ்கேவ்' என்றே எழுதுங்கள்.