டிரைவரைச் சேர்த்தும் எஸ்எஸ்டி தெரியவில்லையே, ஏன்?

கேள்வி: கணினி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஆஃபீஸ், பிரின்டர் மென்பொருள் எல்லாம் முன்கூட்டியே போட்டு, எனக்கென்று ஒரு விண்டோஸ் 11 இன்ஸ்டால் பென்டிரைவ் தயாரித்து வைத்திருக்கிறேன். பழைய லேப்டாப்களில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இன்டெல் 11, 12ஆம் தலைமுறை லேப்டாப்களில் 'விண்டோஸை எங்கே நிறுவ வேண்டும்' என்று கேட்கும் பக்கம் வெறுமையாக நிற்கிறது, எஸ்எஸ்டியே காட்டுவதில்லை. டிஸ்க்குக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை, விண்டோஸ் இமேஜ்களைத் திருத்தும் டிஸ்ம் கட்டளை மூலம், நிறுவப்போகும் விண்டோஸ் அடங்கிய இன்ஸ்டால்.விம் கோப்பில் சேர்த்தும் பார்த்துவிட்டேன், பலனில்லை. ஒரே பென்டிரைவில் எல்லா மாடலுக்கும் சேர்த்து முடிக்க வழி உண்டா? இன்னொன்று: எடைமேடை ஒன்றில் ஓடும் பழைய எக்ஸ்பி கணினியை மறுபடி நிறுவித் தரச் சொல்கிறார்கள். அதிலும் சிடி போட்டால் 'ஹார்டு டிஸ்க் இல்லை' என்கிறது.

பதில்: நீங்கள் தேர்ந்தெடுத்த டிரைவர் சரியானதாகவே இருக்கலாம். போட்ட இடம்தான் போதவில்லை.

பென்டிரைவிலிருந்து பூட் ஆகும்போது உங்கள் இன்ஸ்டால்.விம் கோப்பை இன்னும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். முதலில் எழுந்து வருவது சோர்சஸ் ஃபோல்டரில் இருக்கும் பூட்.விம். அதற்குள் இருப்பது விண்டோஸ் பிஇ என்கிற குட்டி விண்டோஸ். 'எங்கே நிறுவ வேண்டும்' என்று கேட்பது அதுதான், டிஸ்க்கைத் தேடுவதும் அதுதான். அதனிடம் டிரைவர் இல்லையென்றால், இன்ஸ்டால்.விம்மில் எத்தனை டிரைவர் இருந்தாலும் டிஸ்க் தெரியாது. இதையே தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு: பூட்.விம்மில் மட்டும் சேர்ப்பார்கள், டிஸ்க் தெரியும், தங்கள் இமேஜை (விண்டோஸ் முழுவதும் அடங்கிய விம் கோப்பை) கையால் டிஸ்ம் கொண்டு விரித்துப் போடுவார்கள், முதல் ரீஸ்டார்ட்டில் நீலத்திரை வரும். அதில் இருப்பது 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்', அதாவது 0x7பி. அந்த இமேஜுக்குள் டிரைவர் போய்ச் சேரவே இல்லை என்று பொருள். ஆகவே இரண்டு இடத்திலும் வேண்டும். மூன்றாவதாக ஓர் இடமும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலில், இந்த லேப்டாப்களில் மட்டும் ஏன் இந்தத் தொல்லை? சாதாரண என்விஎம்இ எஸ்எஸ்டிக்குத் தேவையான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் 2020இல் வந்த 11ஆம் தலைமுறை முதல், இன்டெல் லேப்டாப்களில் விஎம்டி என்ற ஓர் அடுக்கு பரவலாக வந்துவிட்டது. சர்வர்களுக்காக வந்த ஏற்பாடு அது. எஸ்எஸ்டி இந்த விஎம்டி கட்டுப்படுத்திக்குப் பின்னால் மறைந்துகொள்கிறது. விண்டோஸ் செட்டப்புக்குக் கண்ணில் படுவது விஎம்டி மட்டுமே. அதற்கான டிரைவர் இல்லாததால் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க முடிவதில்லை. எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று முடிவுகட்டி வாடிக்கையாளரிடம் புதிது வாங்கச் சொன்ன கடைக்காரர்களை எனக்குத் தெரியும்.

எனவே எதையும் சேர்க்கும் முன் பிரச்சினை இதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். செட்டப் திரையில் ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தினால் கமாண்ட் ப்ராம்ப்ட் திறக்கும் (சில லேப்டாப்களில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்). டிஸ்க்குகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் போய் 'லிஸ்ட் டிஸ்க்' கொடுங்கள். உங்கள் பென்டிரைவ் மட்டும் வரும். வெளியே வந்து, இன்னொரு பென்டிரைவில் வைத்திருக்கும் ஐஏஸ்டோர்விடி.ஐஎன்எஃப் கோப்பின் (விஎம்டி டிரைவரின் விவரக் கோப்பு; எடுக்கும் விதம் கீழே) முழுப் பாதையைக் கொடுத்து 'டிரைவர்லோட்' கட்டளையை ஓட்டுங்கள். தட்டச்சு செய்யும்போது அதன் ஆங்கிலப் பெயர் 'டிஆர்வி'யும் 'லோட்'டும் சேர்ந்த ஒரே சொல். மறுபடி டிஸ்க்பார்ட், மறுபடி 'லிஸ்ட் டிஸ்க்'. இப்போது எஸ்எஸ்டி வந்துவிட்டால் டிரைவர் சரி, பிரச்சினையும் இதுதான் என்று தெரிந்துவிடும். வரவில்லை என்றால் இமேஜில் சேர்த்தும் வரப்போவதில்லை. இந்தச் சிறு சோதனையைத் தவிர்த்துவிட்டு நேராக இமேஜைப் பிரித்து வேலை செய்பவர்கள்தான் அரை நாளை வீணாக்குகிறார்கள்.

கூடவே ஒன்று. 'உங்கள் கணினிக்குத் தேவையான மீடியா டிரைவர் இல்லை' என்று ஒரு செய்தி வருமே, அது பெரும்பாலும் எஸ்எஸ்டியைப் பற்றியதல்ல. செட்டப்பால் தன் சொந்தப் பென்டிரைவைப் படிக்க முடியவில்லை என்பது அதன் பொருள். பென்டிரைவை வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள், அல்லது மறுபடி எழுதுங்கள்.

சரியான டிரைவர் எது?

மாடல் பெயரை வைத்துத் தேடாதீர்கள். சாதனத்தின் அடையாள எண்ணான ஹார்ட்வேர் ஐடியை வைத்துத் தேடுங்கள். அதே மாடலில் விண்டோஸ் ஓடும் இன்னொரு கணினி இருந்தால் டிவைஸ் மேனேஜரில் விஎம்டி கட்டுப்படுத்தியின் 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் கிடைக்கும். இல்லையென்றால் லினக்ஸ் லைவ் பென்டிரைவில் பூட் செய்து எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்தால் போதும். இன்டெல்லின் வென்டர் எண் 8086. 11ஆம் தலைமுறை விஎம்டிக்கு டிவைஸ் எண் 9ஏ0பி, 12ஆம் தலைமுறைக்கு 467எஃப், 13ஆம் தலைமுறைக்கு ஏ77எஃப். நீங்கள் பதிவிறக்கிய ஐஎன்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்து இந்த எண்ணைத் தேடுங்கள். இருந்தால் பொருந்தும், இல்லாவிட்டால் பதிப்பு எவ்வளவு புதியதாக இருந்தாலும் பொருந்தாது.

'புதியது' என்ற சொல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆர்எஸ்டி 20ஆம் வரிசை 12ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. 11ஆம் தலைமுறை அதில் கிடையாது. 19ஆம் வரிசை 11 முதல் 13 வரை எடுத்துக்கொள்ளும். உங்கள் கடைக்கு வரும் இரண்டு தலைமுறைக்கும் அது ஒன்றே போதும். இரண்டு வரிசையையும் சேர்த்துப் போட்டுவிடலாமே என்று தோன்றும், வேண்டாம். இரண்டிலும் கோப்பின் பெயரும் சேவையின் பெயரும் ஒன்றே. பூட் ஆகத் தேவையான டிரைவரில் இந்தக் குழப்பம் வேண்டாத வேலை. அதைவிடப் புதிய லேப்டாப் வந்தால், அதற்கான டிரைவரைப் பென்டிரைவில் தனி ஃபோல்டரில் வைத்து, செட்டப் பக்கத்தில் 'லோட் டிரைவர்' மூலம் கையால் ஏற்றிக்கொள்ளுங்கள்.

இன்டெல் தருவது செட்டப்ஆர்எஸ்டி என்ற ஒற்றை இஎக்ஸ்இ கோப்பு. அதை அப்படியே சேர்க்க முடியாது. கமாண்ட் ப்ராம்ப்டில் அதன் பெயருக்குப் பின்னால் ஹைஃபனும் 'எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்' என்ற சொல்லும் ஒரு ஃபோல்டர் பெயரும் கொடுத்தால் பிரித்துத் தரும். உள்ளே பல ஃபோல்டர்கள் வரும். உங்களுக்கு வேண்டியது விஎம்டி என்ற பெயருள்ளது மட்டும். ஐஎன்எஃப், சிஸ், கேட் ஆகிய கோப்புகள் அதில் சேர்ந்தே இருக்க வேண்டும். கேட் கோப்பு கையெழுத்துச் சான்று. அதை விட்டுவிட்டால் செக்யூர் பூட் உள்ள கணினியில் டிரைவர் ஏறாது.

சேர்க்கும் முறை

பென்டிரைவில் நேரடியாக வேலை செய்யாதீர்கள். முழுவதையும் என்டிஎஃப்எஸ் டிரைவில் ஒரு ஃபோல்டருக்கு நகலெடுங்கள். ஐஎஸ்ஓவிலிருந்து எடுத்த கோப்புகளில் 'ரீட் ஒன்லி' குறி ஒட்டிக்கொண்டே வரும். அதை நீக்காவிட்டால் மவுன்ட் செய்யும்போது (திருத்துவதற்காக விம் கோப்பை ஒரு ஃபோல்டரில் திறக்கும்போது) 0xசி1510111 பிழை வந்து, அனுமதி இல்லை என்று சொல்லும். அட்மினிஸ்ட்ரேட்டராகத்தானே ஓட்டினோம் என்று குழம்பிப்போவீர்கள். கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் ஒரு டிக்கை எடுத்தால் தீர்ந்தது.

பூட்.விம்முக்குள் இரண்டு இமேஜ்கள் உண்டு. முதலாவது வெறும் பிஇ, இரண்டாவதுதான் செட்டப். எனவே இன்டெக்ஸ் 2ஐ, அதாவது இரண்டாவது இமேஜை, ஒரு காலி ஃபோல்டரில் மவுன்ட் செய்து, டிஸ்மின் 'ஆட் டிரைவர்' கொண்டு விஎம்டி ஃபோல்டரைச் சேருங்கள். உடனே 'கெட் டிரைவர்ஸ்' ஓட்டிப் பாருங்கள்: ஓஇஎம்0.ஐஎன்எஃப் என்ற புதுப் பெயரும், அதன் பக்கத்தில் ஐஏஸ்டோர்விடி என்ற பழைய பெயரும் தெரிய வேண்டும். பிறகு மாற்றங்களைச் சேமிக்க 'கமிட்' கொடுத்து அன்மவுன்ட் செய்யுங்கள். இந்த நேரத்தில் அந்த ஃபோல்டர் எக்ஸ்ப்ளோரரில் திறந்து கிடந்தால் அன்மவுன்ட் பாதியில் நின்றுவிடும். நின்றுவிட்டால் ஃபோல்டரை டெலிட் செய்து சமாளிக்கப் பார்க்காதீர்கள். டிஸ்மின் 'கிளீனப் மவுன்ட்பாயின்ட்ஸ்' அதற்காகத்தான் இருக்கிறது.

இருக்கிறதே என்று டிரைவர் பேக் முழுவதையும் பூட்.விம்முக்குள் கொட்டாதீர்கள். அந்தக் கோப்பு மொத்தமாக ராமுக்குள் ஏற்றப்பட்டுத்தான் ஓடுகிறது. கிராஃபிக்ஸ், வைஃபை டிரைவருக்கெல்லாம் அங்கே வேலையே இல்லை.

அடுத்து இன்ஸ்டால்.விம். நீங்கள் ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்கள், ஆனால் எந்த இன்டெக்ஸில்? அதற்குள் ஹோம், ப்ரோ என்று பல பதிப்புகள் இருக்கும், ஒவ்வொன்றும் தனி இமேஜ். ஒன்றில் சேர்த்தது மற்றதற்குப் போகாது. தேவையான ஒன்றிரண்டை மட்டும் 'எக்ஸ்போர்ட்' செய்து புதிய விம் கோப்பாக்கிக்கொண்டால் கோப்பும் சிறுக்கும், வேலையும் குறையும். மீடியா கிரியேஷன் டூல் தரும் இன்ஸ்டால்.இஎஸ்டியை இப்படித் திருத்த முடியாது. அதையும் முதலில் விம்மாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

மூன்றாவது இடம் என்றேனே, அது இன்ஸ்டால்.விம்முக்குள் சிஸ்டம்32, ரெகவரி ஃபோல்டரில் இருக்கும் வின்ஆர்இ.விம், அதாவது ரெகவரித் திரைக்கான குட்டி விண்டோஸ். இதைச் சேர்க்காவிட்டாலும் விண்டோஸ் நிறுவும், ஓடும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். ஆறு மாதம் கழித்து ஏதோ ஓர் அப்டேட் சொதப்பி ரெகவரித் திரைக்குப் போகும்போது அங்கே சி டிரைவே இல்லாமல் போகலாம். அப்போது உங்களிடம்தான் வருவார். இன்ஸ்டால்.விம் மவுன்ட் ஆகியிருக்கும்போதே வின்ஆர்இயையும் இன்னொரு ஃபோல்டரில் மவுன்ட் செய்து, அதே டிரைவரைச் சேர்த்து, அதை முதலில் மூடுங்கள்; பிறகு இன்ஸ்டால்.விம்மை மூடுங்கள்.

திரும்பப் பென்டிரைவுக்கு எழுதும்போது ஃபேட்32இன் 4 ஜிபி வரம்பு குறுக்கே நிற்கும். ஆஃபீஸ் எல்லாம் போட்ட உங்கள் இமேஜ் நிச்சயம் அதைத் தாண்டும். டிஸ்மின் 'ஸ்ப்ளிட் இமேஜ்' மூலம் எஸ்டபிள்யூஎம் துண்டுகளாக்கலாம். அல்லது மைக்ரோசாஃப்டின் கருவித்தொகுப்பான விண்டோஸ் ஏடிகேயில் வரும் ஓஎஸ்சிடிஇமேஜ் கொண்டு ஐஎஸ்ஓவாக்கி, பூட் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸில் என்டிஎஃப்எஸ் முறையில் எழுதலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஐஎஸ்ஓ கையில் இருந்தால் பென்டிரைவ் தொலைந்தாலும் கவலையில்லை.

இவ்வளவும் தேவையா?

எப்போதாவது ஒரு லேப்டாப் வருகிறதென்றால் தேவையில்லை. பென்டிரைவின் வேர் ஃபோல்டரில் இருபுறமும் டாலர் குறியிட்ட $வின்பிஇடிரைவர்$ என்ற பெயரில் (ஆங்கில எழுத்துகளில்தான்) ஒரு ஃபோல்டர் உருவாக்கி, விஎம்டி ஃபோல்டரை அதற்குள் வையுங்கள். செட்டப் தொடங்கும்போது அதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும், நிறுவும் விண்டோஸுக்குள்ளும் கொண்டுபோகும். ஆப்பிளின் பூட் கேம்ப் இன்டெல் மேக்குகளுக்குத் தயாரித்த விண்டோஸ் பென்டிரைவில் இருந்தது இதே ஏற்பாடுதான். ஆனால் செட்டப் வழியாகப் போகாமல் உங்கள் இமேஜை நேரடியாக விரிப்பதாக இருந்தால் இது உதவாது.

பயாஸில் விஎம்டியை அணைத்துவிடலாமே என்பார்கள். அணைத்தால் எஸ்எஸ்டி உடனே தெரியும், உண்மைதான். ஏசர் லேப்டாப்கள் சிலவற்றில் அந்த அமைப்பே மறைந்திருக்கும். பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல் + எஸ் அழுத்தினால்தான் வெளியே வரும். டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக நிறுவுவதென்றால் தாராளமாகச் செய்யலாம். ஒற்றை எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்புக்கு விஎம்டியால் பெரிய லாபம் ஒன்றுமில்லை என்பது என் கருத்து. ஆனால் வாடிக்கையாளரின் பழைய விண்டோஸைக் காப்பாற்ற வேண்டியிருந்தால் கை வைக்காதீர்கள்: விஎம்டி வழியாக நிறுவிய விண்டோஸ், அதை அணைத்ததும் அதே 0x7பி நீலத்திரையில் போய் நிற்கும். இரண்டு எஸ்எஸ்டிகளை ரெய்டாக (ஒரே டிஸ்க் போல) கட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஏஎம்டி லேப்டாப்களில் பொதுவாக இந்தத் தலைவலி இல்லை. ரெய்டு முறையில் இருந்தால் மட்டும் ஆர்சிபாட்டம், ஆர்சிரெய்டு, ஆர்சிசிஎஃப்ஜி என்று மூன்று டிரைவர்களை இதே வரிசையில் ஏற்ற வேண்டும்.

எடைமேடைக் கணினி

எக்ஸ்பி வேறு உலகம். விம், பிஇ எதுவும் அதன் செட்டப்பில் கிடையாது. நீலப் பின்னணியில் எழுத்தாக ஓடும் பகுதிக்கு எஃப்6 அழுத்தி, ஃப்ளாப்பியிலிருந்து டிரைவர் கொடுக்க வேண்டும் என்பதுதான் 2001இல் போட்ட ஏற்பாடு. டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டாவின் ஏஎச்சிஐ முறை அதற்குப் பின்னால் வந்தது, அதனால்தான் உங்கள் சிடிக்கு அந்த டிஸ்க் தெரியவில்லை. முதலில் பயாஸைத் திறந்து சாட்டா முறையை ஐடிஇ அல்லது 'கம்பாட்டிபிள்' என்று மாற்ற முடிகிறதா பாருங்கள். முடிந்தால் எந்த டிரைவரும் வேண்டாம். எடைச்சீட்டு அடிக்கும் கணினிக்கு ஏஎச்சிஐயின் வேகம் எதற்கு?

அந்த வசதி பயாஸில் இல்லையென்றால் எக்ஸ்பி சிடியைத் திருத்தித் தரும் என்லைட் மென்பொருள்தான் வழி. சர்வீஸ் பேக் 3 உள்ள எக்ஸ்பி சிடியை ஃபோல்டரில் நகலெடுத்து, இன்டெல்லின் எஃப்6 ஃப்ளாப்பி டிரைவரைச் சேருங்கள். அது கேட்கும்போது 'பிஎன்பி டிரைவர்' அல்ல, 'டெக்ஸ்ட்மோடு டிரைவர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து வரும் நீண்ட பட்டியலில் உங்கள் மதர்போர்டின் சிப்செட்டை மட்டும் குறியுங்கள். ஐசிஎச்9ஆர் வேறு, ஐசிஎச்9எம் வேறு. நிறுவி முடித்ததும் எடைமேடை மென்பொருளோடு மொத்த டிஸ்க்கையும் ஒரு இமேஜாக எடுத்து வையுங்கள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் நெட்வொர்க் கேபிளை அதில் செருகவே வேண்டாம் என்று மேடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.