கட்டை கிடக்கும் ஏரியில் பெடல் கயாக்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டெக்சாஸில் லேக் ஃபோர்க்கில் மீன் பிடிக்க ஒரு பெடல் கயாக் (காலால் மிதித்து ஓட்டும் சிறுபடகு) வாங்கலாம் என்றிருக்கிறேன். ஏரி முழுக்கத் தண்ணீருக்கடியில் மரக்கட்டைகள் என்கிறார்கள். படகுக்கடியில் இருபுறமும் வீசும் துடுப்புபோன்ற ஃபின் வகை தாங்குமா, சுழலும் இறக்கையுள்ள புரொப்பல்லர் வகை தாங்குமா? (டாலஸ் வாசகர்)

பதில்: சொன்னவர்கள் மிகைப்படுத்தவில்லை. 1980-ல் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கியபோது, மீனுக்குப் புகலிடமாக இருக்கட்டும் என்று மரங்களைப் பெருமளவு வெட்டாமல் விட்டார்கள். மேலே தெரிந்த கொம்பெல்லாம் காலப்போக்கில் முறிந்து விழ, நீர்மட்டத்தையொட்டி மொட்டைக்கட்டைகள் நிற்கின்றன. ஏரியின் வழக்கமான நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 403 அடி. அது 400-க்கு இறங்கினால், மூன்றடி ஆழத்தில் சும்மா கிடந்த கட்டை மேற்பரப்புக்கு வந்துவிடும். பெடலோடு சேர்ந்த கீழ்ப்பகுதியோ படகுக்கு அடியில் ஒன்றரை அடி அளவுக்குத் தொங்குவது. எனவே கிளம்புமுன் அன்றைய மட்டத்தைப் பாருங்கள். மிதவை போட்டுக் காட்டியிருக்கும் படகுப் பாதை இருந்தால் அதை விட்டு விலகாதீர்கள்.

உங்கள் தேவைக்கு ஃபின் வகைதான். அதிலும் மோதினால் பின்பக்கம் மடங்கும் ஃபின் உள்ளதாகப் பாருங்கள். ஹோபி நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த மிராஜ் டிரைவின் (பெடலும் ஃபினும் சேர்ந்த, கழற்றி மாட்டும் அமைப்பு) பழைய மாடல்களில் ஃபின் மடங்காது; கட்டையில் இடித்தால் ஃபினைத் தாங்கும் எஃகுக் கம்பி வளையும். வளைந்த கம்பியோடு டிரைவை மேலே இழுத்தால் படகின் துவாரத்தில் சிக்கிக்கொண்டு வராது. பலங்கொண்டு இழுக்காமல் துடுப்புப் போட்டு இடுப்பளவு தண்ணீருக்கு வாருங்கள். இறங்கி நின்று, அடியில் கைவிட்டு ஃபினைத் திருப்பிப் பிடித்தபடி கழற்றுங்கள். உதிரிக் கம்பி ஒன்று, ஒரு ஃபின், அந்த மாடலுக்குரிய ஸ்பேனர், ஆலன் கீ எல்லாம் படகிலேயே இருக்கட்டும்.

இரண்டு பெடலும் சமமாக இருந்தால் ஃபின்கள் நேர்கீழே நிற்கும். ஒரு காலை முழுக்க முன்னே தள்ளினால் அவை இருபுறமும் விரிந்து படகின் அடியோடு படிந்துவிடும். கட்டை நெருங்கினால் செய்யவேண்டியது இவ்வளவுதான்: மிதிப்பதை நிறுத்தி, ஒரு காலை முன்னே தள்ளி அப்படியே வைத்திருப்பது. முதல் நாளே கரையோரம் இதைப் பழகுங்கள், பதற்றத்தில் எல்லோரும் இன்னும் வேகமாக மிதிக்கத்தான் பார்ப்பார்கள். மடங்கும் ஃபினுக்கும் ஒரு பலவீனம் உண்டு. முன்னிருந்து வரும் இடிக்குத்தான் அது மடங்கும். இரண்டு ஃபினுக்கும் நடுவில் கட்டை மாட்டிய நிலையில் மிதித்தால் கேபிளும் செயினும்தான் அடி வாங்கும்.

புரொப்பல்லர் வகை மோசம் என்று சொல்லமாட்டேன். பின்னோக்கி மிதித்தால் உடனே பின்னே வரும், மீனோடு மல்லுக்கட்டும்போது அது பெரிய வசதி. ஆனால் ஓல்டு டவுன் நிறுவனத்தின் பிடிஎல் என்ற புரொப்பல்லர் டிரைவில் பற்சக்கர விகிதம் 10.3:1. பெடலின் ஒரு சுற்றுக்கு இறக்கை பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றும்போது கட்டையில் பட்டால் அந்த அடி பல் சக்கரம்வரை போகும். பெடல் திடீரென்று நின்றுபோனால் காலை எடுத்துவிடுங்கள், உந்தித் தள்ளாதீர்கள். தூண்டில் நரம்பு தண்டில் சுற்றிக்கொண்டால் அன்றே அறுத்து எடுங்கள். விட்டால் அது சீலைத் (தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை) தின்று பற்சக்கரப் பெட்டிக்குள் தண்ணீரை விடும். அந்தப் பெட்டியின் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் அதுதான் அடையாளம்.

எந்த வகையானாலும் கட்டை அடர்ந்த இடத்தில் டிரைவைத் தூக்கிவிட்டுத் துடுப்புப் போடுங்கள். பெடல் இருக்கிறதே என்று துடுப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்! சுக்கானைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஊசி முறிவதற்கென்றே செய்தது. அதற்குப் பதில் ஆணி அடித்தால் அடுத்த இடியில் சுக்கானே உடையும். உதிரி ஊசி நாலைந்து வையுங்கள்.

கேள்வி: பழைய பெடல் கயாக் வாங்கினேன். ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு லிட்டர் தண்ணீர் சேர்கிறது. எம்-சீல் வைத்தும் பிடிக்கவில்லை. (புதுச்சேரி வாசகர்)

பதில்: உங்கள் படகு பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்காக இருக்கும். அதில் எம்-சீலோ சாதாரண எபாக்ஸியோ ஒட்டாது, காய்ந்ததும் தகடாக உரிந்து வரும். முதலில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடியுங்கள். வெளிப்புறத்தைத் துடைத்துக் காயவைத்து, உள்ளே ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, படகை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். டிரைவ் துவாரத்தின் மூலைகள், தண்ணீர் வடியும் குழாய்களின் உட்புறம், பின்முனை அடிப்பாகம் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் கசியும். படகைக் கரையில் உருட்டிப்போகும் தள்ளுவண்டியின் கம்பியைச் சொருகிச் சொருகியே வடிகுழாய் தேய்ந்திருக்கலாம். வடிகால் மூடியின் வாஷரையும் பார்த்துவிடுங்கள், பல நேரம் குற்றவாளி அதுவாக இருக்கும்.

விரிசல் என்றால் அதன் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போடுங்கள், விரிசல் மேற்கொண்டு நீளாது. பிறகு ஓரங்களை 'வி' வடிவில் சுரண்டி, அதே ரகப் பாலிஎத்திலீன் கம்பியால் பிளாஸ்டிக் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். சில படகுகள் குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீனில் வார்த்தவை. அவை சூட்டில் உருகிச் சேராது. கண்ணில் படாத மூலையில் சூடான கம்பியை வைத்துப் பார்த்தால் எந்த ரகம் என்று தெரிந்துவிடும். வெறும் கீறலுக்கெல்லாம் வெல்டிங் வேண்டாம், கத்தியால் பிசிறை வழித்துவிட்டாலே போதும்.

கேள்வி: பூலாவ் உபின் தீவுப் பக்கம் அலையாத்தி ஓடைகளுக்குள் பெடல் கயாக் கொண்டு போகலாமா? (சிங்கப்பூர் வாசகர்)

பதில்: போகலாம், நீர் ஏறும் நேரத்தில் மட்டும். தட்டி நின்றாலும் ஏறும் தண்ணீரே தூக்கிவிடும்; வற்றும்போது மாட்டினால் சேற்றில் உட்கார்ந்து அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். கொட்டலசு (ஒட்டிக்கொண்டு வளரும் கூரான ஓடுள்ள கடலுயிரி) படிந்த கம்பங்கள் ஃபினின் ஓரத்தைப் பிளேடு போலச் சீவும். மீன் பண்ணை மிதவைகளின் நங்கூரக் கயிறு மூலையிலிருந்து சரிவாக வெளியே இறங்கும். அங்கே பெடல் போடாமல் தள்ளியே சுற்றிப் போங்கள்.