‘தி கிரீன் நைட்’ நிஜமாகவே நல்ல படமா, இல்லை புரிந்த மாதிரி எல்லோரும் நடிக்கிறார்களா?

ஆர்தர் ராஜா கதை என்றதும் கத்திச்சண்டை, போர் என்று நம்பி உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. 2021-இல் வந்தபோது விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், ஆனால் அமெரிக்காவில் சாதாரண ரசிகர்களிடம் எடுத்த சினிமாஸ்கோர் கணிப்பில் சி பிளஸ்தான்.

மச்சான் குடும்பத்தோடு வந்திருந்தபோது, செம படம் என்று பீற்றிக்கொண்டு நான்தான் போட்டேன். காட்டில் திருடர்கள், நாயகன் கவைனாக வரும் தேவ் படேலைக் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கேமரா மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் அவர் கிடந்த இடத்தில் எலும்புக்கூடு. எதிர்ப்பக்கமாகத் திரும்பச் சுற்றினால் உயிரோடு கிடப்பார். எனக்குப் புல்லரித்தது. மச்சானோ, “கேமராமேன் எதையோ தொலைச்சிட்டுத் தேடறார் போல” என்றார். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

(முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் நகர்ந்துவிடுங்கள்.) இன்று ஒரு வெட்டு வெட்டு, ஒரு வருஷம் கழித்து அதையே திரும்ப வாங்கிக்கொள் என்பதுதான் பச்சை வீரன் வைக்கும் விளையாட்டு. 14-ஆம் நூற்றாண்டு மூலக்கவிதையில் கவைன் கழுத்தில் கீறலோடு தப்பிவிடுவான். படத்தின் இயக்குநர் டேவிட் லோவரி பச்சை வீரனின் கோடாலியை இறக்கவே இல்லை, அதற்கு முன்பே படம் சட்டென்று முடிந்துவிடும். “என்ன மாப்ள, கரண்ட் போச்சா?” என்று மச்சான் ஃபேனை அண்ணாந்து பார்த்தார்.

அறிவுஜீவி வேஷம் என்று இங்கே யாராவது திட்ட வருவீர்கள். முதல் தடவை நானே பாதியில் கண்ணசந்தவன்தான். கவிதையின் கதையைப் படித்துவிட்டு மறுபடி பார்த்தபோதுதான், இது வீரனின் கதையல்ல, சாவுக்குப் பயந்து நடுங்கும் ஒரு சாதாரணப் பையனின் கதை என்று உறைத்தது. அது உங்களுக்குப் பிடித்தே ஆகவேண்டும் என்றில்லை. போர் அடித்தது என்று தைரியமாகச் சொல்லுங்கள், ஆனால் படமே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இன்னும் நான் ‘பச்சை மாமா’தான். பெயரெல்லாம் ஓடி முடிந்தபிறகு ஒரு சின்னப் பெண் கிரீடத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்வாள். அதைப் பார்க்க அன்று ஹாலில் நான் ஒருவன்தான் இருந்தேன்.